முப்பந்தலிலிருந்து பிராக்சிமாவுக்கு: வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்

இம்மாதக் கடிதங்களில் பல, அறிவியல் புனைகதை ரசிகர்களையும் அவர்களுடைய கேலிப் பேச்சையும் பற்றியே வந்திருப்பதால், அவற்றிலிருந்து நான்கை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அறிவியல் புனைகதை படிக்கும் நாங்கள் சிலர் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். முப்பந்தல் காற்றாலைகள் மின்சாரத்துக்காகச் சுழல்வதில்லை, பிராக்சிமா சென்டாரி விண்மீனுக்குச் செய்தி அனுப்பவே சுழல்கின்றன, நேற்று அனுப்பிய செய்திக்கு இன்று காலை பதிலும் வந்துவிட்டது என்று ஒரு நண்பர் அரசு அறிவிப்பின் நடையில் எழுதினார். நாங்கள் சிரித்தோம். மூன்றாம் நாள் என் பெரியப்பா அதையே, 'அனைவரும் கவனிக்கவும்' என்ற முன்குறிப்போடு குடும்பக் குழுவில் அனுப்பியிருந்தார். வேடிக்கை செய்தது எங்கள் தவறா, நம்பியது அவர் தவறா? (வாசகர், தக்கலை)

முதலில் உங்கள் நண்பரைப் பாராட்டிவிடுகிறேன். பிராக்சிமா நம்மிலிருந்து ஏறத்தாழ 4.2 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ஒளியின் வேகத்தில் செய்தி போய், உடனே பதில் புறப்பட்டாலும், அது வந்து சேர ஏறத்தாழ எட்டரை ஆண்டுகள் ஆகும். 'இன்று காலை பதில் வந்துவிட்டது' என்ற ஒரே வரியில், இது பொய் என்பதற்கான சாட்சியை அவரே வைத்திருக்கிறார். விண்மீனையும் பொருத்தமாகவே தேர்ந்தெடுத்திருக்கிறார். வைகாசி இரவில் மேகம் விலகியிருந்தால், கன்னியாகுமரிக் கடற்கரையில் தெற்கு நோக்கி நிற்பவர்கள் கடலுக்கு மேலே தாழ்வாக ஆல்பா சென்டாரி விண்மீனைப் பார்க்கலாம். அதன் துணையான பிராக்சிமா வெறும் கண்ணுக்குத் தெரியாது என்பதும் கதை கட்டுபவருக்கு வசதிதான்.

ஆனால் அந்தச் சாட்சி, ஒளியாண்டுக் கணக்கு தெரிந்தவர்களின் கண்ணுக்கு மட்டுமே படும். உங்கள் குழுவுக்குள் அது போதுமானதாக இருந்தது. பெரியப்பாவின் கைப்பேசியில் எஞ்சியதோ அரசு அறிவிப்பின் நடை மட்டுமே. அவர் அறிவியலை நம்பவில்லை, அந்த நடையை நம்பினார். ஆண்டுக்கணக்கில் மின்வாரிய அறிவிப்புகளையும் வானிலை எச்சரிக்கைகளையும் அதே நடையில் படித்து, அவற்றுக்கு ஏற்ப நடந்துவந்த ஒருவர் அப்படி நம்புவதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

படித்தவர்களுக்கு இப்படி நேராது என்று எண்ணிவிடவும் வேண்டாம். 1982 செப்டம்பரில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக் கணினித் துறையினர், தங்கள் கணினிவழி அறிவிப்புப் பலகையில் ஓர் இயற்பியல் புதிரை அலசிக்கொண்டிருந்தார்கள். கம்பி அறுந்து விழும் மின்தூக்கிக்குள் ஒரு துளி பாதரசம் இருந்தால் அதற்கு என்ன ஆகும் என்பதும் அதில் ஒரு பகுதி. அதைத் தொடர்ந்து ஒருவர், இயற்பியல் சோதனை ஒன்றினால் மின்தூக்கியில் பாதரசம் கலந்துவிட்டது என்று எச்சரிக்கை வடிவில் கேலியாக எழுத, முந்தைய உரையாடலைப் படிக்காதவர்கள் அதை உண்மை என்றே எடுத்துக்கொண்டார்கள். பிறகு, கேலியை எப்படி அடையாளப்படுத்துவது என்று விவாதம் எழுந்தது. முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துப் பக்கவாட்டில் சிரிக்கும் முகமாக இடலாம் என்று அத்துறையைச் சேர்ந்த ஸ்காட் ஃபால்மன் செப்டம்பர் 19ஆம் நாள் யோசனை சொன்னார். இன்றைய போக்கைப் பார்த்தால், கேலி அல்லாதவற்றுக்கு அடையாளம் இடுவதே சிக்கனம் என்றும் அதே குறிப்பில் சேர்த்திருந்தார். இத்தனைக்கும் அங்கே இருந்தவர்கள் கணினி அறிஞர்களும் அவர்களுடைய மாணவர்களும்.

வாட்ஸ்அப், பகிரப்பட்ட செய்திக்கு மேல் 'பகிரப்பட்டது' என்று குறிக்கிறது. இந்தியாவில் 2018 முதல் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாதபடியும் செய்திருக்கிறது. ஆனால் அதை முதலில் எழுதியவர் யார், எந்தப் பேச்சுக்கு நடுவே எழுதினார் என்பதை அது காட்டுவதில்லை. ஆகவே அடையாளம் செய்திக்கு உள்ளேயே இருக்க வேண்டும். அடுத்து வரும் சிரிப்புப் படத்தில் இருந்தால் பயனில்லை, ஏனெனில் அந்தப் படத்தை யாரும் சேர்த்துப் பகிர்வதில்லை. 'இவண், முப்பந்தல் வேற்றுக்கோள் வாரியத் தலைவர், செவ்வாய்க் கிளை' என்று கடைசி வரி இருந்திருந்தால் நகைச்சுவையும் கெட்டிருக்காது, பெரியப்பாவும் தப்பித்திருப்பார்.

அவரைக் குடும்பக் குழுவில் வைத்துத் திருத்த வேண்டாம். தொலைபேசியில் அழையுங்கள், ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே பருவக்காற்று நெருக்கிக்கொண்டு வருவதால்தான் அங்கே காற்றாலைகள் நிறைந்திருக்கின்றன என்பதில் தொடங்குங்கள். 'அப்பவே எனக்குச் சந்தேகம்தான்' என்று சொல்லிச் செய்தியை நீக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கட்டும்.

இணையம் வருவதற்கு முன் இத்தகைய ரசிகர்கள் ஒருவரை ஒருவர் எப்படிக் கண்டுகொண்டார்கள்? (வாசகி, குளச்சல்)

நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பதைப் போன்ற ஒரு பகுதியின் வழியாகத்தான். ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 1926இல் நியூயார்க்கில் தொடங்கிய அறிவியல் புனைகதை இதழின் கடிதப் பகுதியில் வாசகர்களின் முகவரிகளும் அச்சாயின. ஆசிரியருக்கு எழுதியவர்கள் பிறகு தங்களுக்குள் எழுதிக்கொண்டார்கள், சங்கம் கூடினார்கள், கையால் சுற்றும் படியெடுப்புப் பொறியில் சிற்றிதழ்கள் அடித்தார்கள். உலக மாநாடு என்ற பெயரில் 1939இல் முதன்முறையாகக் கூடவும் செய்தார்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் செலவில் ஆராய்ச்சிக்காக அமைந்த, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் கணினி வலையமைப்பில், எழுபதுகளின் இறுதியிலேயே அறிவியல் புனைகதை ரசிகர்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் செலவுக் கணக்கை எழுதியவரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

எங்கள் குழுவில் எதைக் கேட்டாலும் மூத்தவர்கள் '42' என்று எழுதிச் சிரிக்கிறார்கள். விளக்கம் கேட்டால் அதற்கும் 42 என்கிறார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? (கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்)

டக்ளஸ் ஆடம்ஸ் பிபிசி வானொலிக்காக 1978இல் எழுதிய நகைச்சுவைத் தொடரில், வாழ்வு, பிரபஞ்சம் முதலிய அனைத்துக்குமான விடையை ஒரு மாபெரும் கணினியிடம் கேட்கிறார்கள். எழுபத்தைந்து லட்சம் ஆண்டுகள் யோசித்துவிட்டு அது சொல்லும் விடை 42. கேள்வி என்ன என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. கதையில் பின்னர் 'ஆறும் ஒன்பதும் பெருக்கினால்' என்பதே அந்தக் கேள்வி என்பதுபோல ஒரு குறிப்பு வருகிறது. நமக்கு அது 54. ஆனால் பதின்மூன்றை அடியாகக் கொண்டு எண்ணினால் 54 என்பது (நான்கு பதின்மூன்றும் இரண்டும்) 42 என்றே எழுதப்படும் என்று ரசிகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆடம்ஸ் 1993இல் ரசிகர்களுக்கு இணையத்தில் பதில் எழுதியபோது, அது வெறும் வேடிக்கை, சிறிய சாதாரணமான ஓர் எண் தேவைப்பட்டது, அவ்வளவே என்று முடித்துக்கொண்டார். ரசிகர்கள் அதன் பிறகும் விடுவதாக இல்லை.

உங்கள் மூத்தவர்கள் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. தெரிந்தவர்கள் சேர்ந்து சிரிப்பதற்கு உதவும் ஒரு வேடிக்கையைப் புதிதாக வந்தவருக்கு முன்னால் பூட்டாக மாட்டிவைப்பது, குழுவைச் சுருங்கவைக்கும் வேலை. விளக்கிச் சொன்னால் சுவை கெட்டுவிடும் என்பார்கள். நான்கு தசாப்தங்களுக்கு மேலாக விளக்கப்பட்டும் கெடாத வேடிக்கை அது.

குழு உறுப்பினர் ஒருவர் எழுதிய கதையில், நாயகன் இஸ்ரோவின் ராக்கெட் எந்திரச் சோதனை மையம் உள்ள மகேந்திரகிரியிலிருந்து திரவ ஹைட்ரஜனைப் பிளாஸ்டிக் குடத்தில் பிடித்து, பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு நாகர்கோவில் வருகிறான். இது இயலாது என்று கணக்கோடு எழுதினேன். 'யாரு மேடம் எழுதித் தந்தது?' என்று கேட்டு வரிசையாகச் சிரிப்புப் படங்கள் போட்டார்கள். வருத்தப்பட்டேன் என்றதும், விளையாட்டுக்குச் சொன்னோம் என்கிறார்கள். (ஆசிரியை, நாகர்கோவில்)

நீங்கள் சொன்னதுதான் சரி. திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி செல்சியஸில் கொதிப்பது. பிளாஸ்டிக் குடம் அந்தக் குளிரில் நொறுங்கும் தன்மையை அடைந்துவிடும். திறந்த வாயின் வழியே உள்ளே இறங்கும் காற்றே உறைந்து படியும். ஆவியாகும் ஹைட்ரஜனோ, காற்றில் நான்கு விழுக்காடு கலந்தாலே தீப்பற்றும். மகேந்திரகிரியில் சிஇ-20 என்னும் கிரையோஜெனிக் (மிகு குளிர்த் திரவங்களால் இயங்கும்) ராக்கெட் எந்திரத்தைச் சோதிப்பவர்கள் அந்தத் திரவத்தை வெற்றிடக் காப்புள்ள கலன்களிலும் குழாய்களிலும் வைத்துக் கையாள்வது இதனால்தான். கதையின் நாயகன் ஆரல்வாய்மொழியைத் தாண்டியிருக்க மாட்டான்.

குடத்தைப் பற்றி அவர்கள் ஆயிரம் கேலி செய்திருக்கலாம். உங்கள் கணக்கில் பிழை கண்டு அதைக் கிண்டலடித்திருந்தாலும் அது ரசிகர்களுக்குள் நடக்கும் வழக்கமான சண்டைதான். பெண்ணுக்கு இது எப்படித் தெரியும் என்ற கேள்வியில் கதையும் இல்லை, அறிவியலும் இல்லை. 'விளையாட்டுக்கு' என்ற விளக்கம் முன்னால் வந்த தக்கலை நண்பருக்குப் பொருந்தும், இவர்களுக்குப் பொருந்தாது. குழுவை நடத்துபவரிடம் இதை நேரடியாகச் சொல்லுங்கள். உங்கள் கணக்கை மறுக்க விரும்புபவர் கணக்கோடு வரட்டும் என்று குழுவில் ஒருமுறை எழுதிவிடுங்கள். குடத்துக்குப் பதிலாக நாயகன் எதைக் கொண்டுவந்திருந்தால் நாகர்கோவில் வரை வந்து சேர்ந்திருப்பான் என்பதை நீங்களே ஒரு கதையாக எழுதி அனுப்பினால், அடுத்த இதழில் இடம் ஒதுக்கிவைக்கிறோம்.