தையல் பிரிஞ்சிடும்னு விரலை அசைக்காமலே வச்சிருக்கலாமா?

கேள்வி: கண்ணாடி கிழிச்சு மோதிர விரலை மடக்குற டெண்டன் (தசையை எலும்போட இணைக்கிற நாண்) அறுந்துபோச்சு. ஆபரேஷன் பண்ணி பத்து நாளாச்சு டாக்டர். பிசியோதெரபிஸ்ட் இப்பவே எக்சர்சைஸ் பண்ணச் சொல்றாங்க, வீட்ல எல்லாரும் தையல் பிரிஞ்சிடும், ஆறு வாரத்துக்கு அசைக்கவே கூடாதுங்கறாங்க. யார் சொல்றதைக் கேக்குறது?

பதில்: பிசியோதெரபிஸ்ட் சொல்றதைக் கேளுங்க. வீட்ல பயப்படுறதும் நியாயம்தான், முதல் மூணு வாரம் தையல் போட்ட இடம் ரொம்ப வீக்கா இருக்கும். ஆனா அசைக்காம விட்டா வேற பிரச்சனை வந்துடும். டெண்டன் விரலுக்குள்ள ஒரு குறுகலான உறைக்குள்ள வழுக்கிக்கிட்டு போய் வரணும், காயம் ஆறும்போது உருவாகுற தழும்புத் திசு அறுந்த ரெண்டு முனையை மட்டும் சேக்காது, பக்கத்துல இருக்குற உறையோடயும் சேத்து ஒட்டிடும், அதுதான் அட்ஹிஷன். அப்புறம் தையல் நல்லா பிடிச்சிருந்தாலும் விரல் மடங்காது. விரலோட அடிப்பகுதியில ரெண்டு டெண்டன் ஒரே உறைக்குள்ள நெருக்கியடிச்சு ஓடுது, ஒரு காலத்துல சர்ஜன்கள் அங்க உடனே தையல் போடவே தயங்கினாங்க. 1967ல கை சர்ஜன் கிளைனெர்ட்டோட குழுவினர் அங்கயும் உடனே தைச்சு, ரப்பர் பேண்ட் மாட்டின ஸ்பிளின்ட்டோட (கையை ஒரே நிலையில தாங்கிப் பிடிக்கிற பட்டை) சீக்கிரமே அசைக்க வச்சு நல்ல ரிசல்ட் காட்டினதுக்கு அப்புறம்தான் அந்த பயம் குறைஞ்சது. டெண்டன் 3-5 மில்லிமீட்டர் நகர்ந்தாலே ஒட்டாம காப்பாத்திடலாம்னு டூரான், ஹவுசர்னு ரெண்டு டாக்டர்கள் 1975ல சொன்னாங்க, அவ்வளவு சின்ன அசைவுதான்!

அதனால ஸ்பிளின்ட்டைக் கழட்டாம, தூங்கும்போதும் போட்டுக்கிட்டு, அதுக்குள்ளயே அடுத்த கையால விரலை மெதுவா உள்ளங்கை வரைக்கும் மடக்குங்க, அப்புறம் விரலோட பின்பக்கம் ஸ்பிளின்ட்டைத் தொடுற அளவுக்கு மட்டும் நீட்டுங்க. விரலை நீங்களே மடக்கிப் பாக்குறது எப்போ, எவ்வளவுங்கறதை பிசியோதெரபிஸ்ட்தான் சொல்லணும், ஏன்னா அது சர்ஜன் போட்ட தையல் எவ்வளவு ஸ்ட்ராங்குங்கறதைப் பொறுத்தது. கையை நெஞ்சுக்கு மேல உயர்த்தி வைங்க, வீங்கின விரல்ல டெண்டன் நகரவே கஷ்டப்படும். நிறைய பேர் சீக்கிரம் சரியாகட்டும்னு ஸ்பான்ஜ் பந்தை வாங்கி அமுக்க ஆரம்பிச்சிடுறாங்க, தயவுசெஞ்சு இப்போ அது வேண்டவே வேண்டாம், தையல் அறுந்துபோறதே இந்த மாதிரி இறுக்கிப் பிடிக்கறதுலதான். கனமான பொருள் தூக்குறதுக்கு பொதுவா 12 வாரம் ஆகும்.

திடீர்னு ‘டக்’னு ஏதோ விட்ட மாதிரி இருந்து, அதுவரைக்கும் மடங்கின விரல் மடங்காமப் போனா அன்னிக்கே சர்ஜனைப் பாருங்க. இவ்வளவு பண்ணியும் சிலருக்கு ஒட்டிடும், அப்பவும் மனசு விட வேண்டாம், பல மாசம் தெரபி பண்ணியும் முன்னேற்றம் இல்லைன்னா ஒட்டினதைப் பிரிச்சு விடுற டெனோலிசிஸ்னு ஒரு ஆபரேஷன் இருக்கு, ஆனா அதுக்கு அடுத்த நாள்லருந்தே மறுபடி எக்சர்சைஸ்தான்.