வாசகர் கேள்வி – பதில்: நகைப்பாட்டும் யாழ்ப்பாணமும்

கனகி புராணத்தை ஆபாசப் பாட்டென்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது வாசிக்கத்தக்கதுதானா?
(வாசகி, கோண்டாவில்)

கட்டாயம் வாசிக்க வேண்டியது. 19ஆம் நூற்றாண்டில் நட்டுவச் சுப்பையனார் பாடியது. வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆடிய கனகிதான் தலைவி. ஆனால் அடி விழுவது அவளுக்கல்ல, அவள் வாசலில் நின்ற ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு. அதை 'கெட்டவளின் கதை' என்று சொல்பவர்கள் நூலைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

வாசிக்கமுன், நளன் கதையைப் பாடும் நைடதத்தில் தமயந்தி சுயம்வரத்தை ஒருதரம் பார்த்துவிடுங்கள். அங்கே அரசர்கள் வரிசையாக வருவார்கள்; இங்கே சுயம்வரப் படலத்தில் அந்த ஆசனங்களில் நம்மூரார் இருக்கிறார்கள். கோயில்களில் ஒருவர் வாசிக்க இன்னொருவர் பயன் (பொருள் விளக்கம்) சொல்லக் கந்தபுராணம் கேட்டு வளர்ந்த சனத்துக்குப் புராண நடை காதிலேயே இருந்தது. அதனால் குத்தல் உடனே விளங்கியது. இன்று எஞ்சியிருப்பவை சில செய்யுள்கள்தான்.

பாடசாலைக் கலைவிழாவுக்கு 'ரியூசன் புராணம்' எழுதப் போகிறோம். எப்படித் தொடங்குவது?
(உயர்தர மாணவர்கள், சாவகச்சேரி)

முதலில் யாப்பு. அடிக்கு ஆறு சீர் வரும் அறுசீர் விருத்தம் எடுங்கள்: விளம் மா தேமா, விளம் மா தேமா (சீர்களின் ஓசை வாய்பாடுகள் இவை), இதேபோல நான்கு அடி. 'சைக்கிள்' தேமா, 'ரியூட்டரி' கருவிளம், அதாவது விளத்தில் ஒரு வகை. இன்றைய சொற்கள் தாராளமாக உள்ளே வரும். புராணங்களில் நாட்டைப் பாடும் பகுதியான நாட்டுப் படலத்தில் ஆற்று வெள்ளம் பாடுவது மரபு. ஆறில்லாத நமக்கு:

வீதியை மறித்து நிற்கும் விடியலில் சைக்கிள் வெள்ளம்

முதற்சீருக்கும் நான்காம் சீருக்கும் மோனை, அதாவது முதலெழுத்து ஒத்து வருதல் (வீ–வி). மற்ற மூன்று அடிகளும் பாதி, சேதி, நீதி என்பதுபோல நெடிலில் தொடங்கி, இரண்டாம் எழுத்து 'தி'யாக வர வேண்டும். செய்யுள் கணக்கு: காப்பு (தொடக்க வணக்கம்) ஒன்று, நாடு மூன்று, நகரம் மூன்று, பீஸ் கட்டும் படலம் ஆறு. மேடைக்கு இது போதும்.

பிழைப்பது இரண்டு இடத்தில். பாதியில் சீர் குலைந்தால் கேட்பவருக்கு அது புராணமாக இராது, வெறும் நையாண்டியாகிவிடும். கம்பீரமான ஓசைக்குள் அற்ப விஷயம் இருப்பதில்தான் சிரிப்பே பிறக்கிறது. மற்றது, ஆசிரியர் ஒருவரின் பெயரையோ உடம்பையோ தொடுவது. வழக்கத்தைப் பாடுங்கள், ஆளைப் பாடாதீர்கள்.

சிரித்திரன் நகைச்சுவை இதழின் கேலிச்சித்திரப் பாத்திரம் சவாரித்தம்பர் என் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரவைக்கவில்லையே?
(வாசகர், நல்லூர்)

அவ்விதழை நடத்திய சி. சிவஞானசுந்தரத்தின் பாத்திரங்கள் பேசுவது யாழ்ப்பாணப் பேச்சு. கண்ணால் மட்டும் வாசித்தால் பாதி போய்விடும். நீங்களே சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பழைய இதழ்கள் 'நூலகம்' இணையத்தளத்தில் இருக்கின்றன.