சூப்பர்சார்ஜர் போட்ட கார், உடைந்த பிஸ்டன்: என்ன செய்யலாம்?

கேள்வி: மதுரை திருநகரில் வசிக்கிறேன். 2006-ல் பதிவான சான் ஸ்டார்ம் கார் ஒன்றை நான்கு வருடங்களுக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கோவாவில் தயாரான, இருவர் மட்டும் உட்காரும், ஃபைபர் பாடி கொண்ட இலகுவான வண்டி. 1.2 லிட்டர் ரெனோ எஞ்சின். இழுவை போதவில்லை என்று, இங்குள்ள ஒரு ஒர்க்‌ஷாப்பில் வெளிநாட்டு சூப்பர்சார்ஜர் கிட் போட்டேன். கிட்டுக்கும் கூலிக்கும் சேர்த்து 2,90,000 ரூபாய் ஜிபேயில் கொடுத்தேன். முறையான பில் தரவில்லை, துண்டுச் சீட்டுதான். "சி.என்.ஜி. கிட் போடுறாங்கல்ல, அதே மாதிரிதான் சார், ஆர்.டி.ஓ.-ல ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார் உரிமையாளர். 1,100 கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. காட்ரோட்டைத் தாண்டி கொடைக்கானல் மலை ஏறும்போது எஞ்சினில் தட்டுகிற சத்தம் கேட்டது, புகை வந்தது, வண்டி நின்றுவிட்டது. அதே ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வந்தேன். ஹெட்டைப் பிரித்துப் பார்த்து, இரண்டு பிஸ்டன் உடைந்திருக்கிறது, நான் ஓட்டிய விதம்தான் காரணம் என்கிறார்கள். 85,000 கொடுத்தால் எஞ்சின் கட்டித் தருவார்களாம், இல்லாவிட்டால் நாளுக்கு 300 ரூபாய் இட வாடகையாம். விபத்து என்று சொல்லி இன்ஷூரன்ஸ் க்ளைம் போடச் சொல்கிறார் நண்பர். ஆர்.சி. புதுப்பிக்க ஏழு மாதம்தான் இருக்கிறது. என் பணம் திரும்பக் கிடைக்குமா? வழக்குப் போட்டால் நானே மாட்டிக்கொள்வேனா?

பதில்: முதலில், இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த எஞ்சினில் இனி யாரும் கை வைக்கக் கூடாது என்று ஒர்க்‌ஷாப்புக்கு வாட்ஸாப்பில் எழுதி அனுப்புங்கள். உடைந்த பிஸ்டன்கள், ரிங்குகள், ஹெட் கேஸ்கெட், சூப்பர்சார்ஜர், பெல்ட், இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) எல்லாம் உங்கள் சொத்து, எதையும் கழற்றவோ மாற்றவோ தூக்கிப் போடவோ கூடாது என்று தெளிவாக எழுதுங்கள். நாளைக் காலையில் நண்பர் ஒருவரோடு நேரில் போய், பிரித்து வைத்திருக்கும் ஒவ்வொரு பாகத்தையும், எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் தெரியும்படி, வீடியோ எடுங்கள்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒருவருக்கு டீசல் எஞ்சின் பழுதில் நியாயம் முழுக்க அவர் பக்கம் இருந்தது. ஆனால் வரும் முன்பே பழைய பாகங்களை இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார். எதனால் உடைந்தது என்று எந்த நிபுணராலும் சொல்ல முடியவில்லை. வழக்கு தோற்றது. அந்தத் தீர்ப்பு நாள் இன்னும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

உங்கள் வழக்கின் உயிர் அந்த பிஸ்டன்களில்தான் இருக்கிறது. சூப்பர்சார்ஜர் கிராங்க் ஷாஃப்டிலிருந்து பெல்ட் மூலம் சுழன்று காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் பெட்ரோலும் அதே கணக்கில் கூட வேண்டும், ஸ்பார்க் நேரமும் மாற வேண்டும். கம்பெனி போட்ட இன்ஜெக்டரையும் பம்பையும் அப்படியே வைத்துவிட்டு, இசியூவையும் சரியாக ட்யூன் செய்யாமல் விட்டால், பெட்ரோல் குறைந்த கலவை அளவுக்கு மீறிச் சூடாகித் தானாக வெடிக்கும். நீங்கள் கேட்ட தட்டுகிற சத்தம் அதுவாக இருக்கலாம். மலையேற்றத்தில் எஞ்சின் முழுச் சுமையில் இருக்கும்போது அது பிஸ்டனை உடைத்துவிடும். ஆயில் இல்லாமல் ஓடிய எஞ்சினோ, தண்ணீர் வற்றிச் சூடேறிய எஞ்சினோ வேறு மாதிரியான தடயங்களை விட்டுவைக்கும். உடைந்த பிஸ்டனைக் கையில் எடுத்துப் பார்க்கும் அனுபவசாலிக்கு எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். எனவே இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக வேலை செய்யும் உரிமம் பெற்ற சர்வேயரையோ, தியாகராசர் பொறியியல் கல்லூரி போன்ற ஓரிடத்தின் இயந்திரவியல் பேராசிரியரையோ அழைத்துப் போய் எழுத்துமூலம் அறிக்கை வாங்குங்கள். ஒர்க்‌ஷாப் உள்ளே விட மறுத்தால், நுகர்வோர் சட்டத்தின் 38(8) பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவு கேட்டு, வக்கீல் கமிஷனரை (நேரில் பார்த்து அறிக்கை தரும் வக்கீலை) நியமித்துப் பார்வையிடும்படி நுகர்வோர் குறைதீர் ஆணையத்திடம் கோரலாம்.

300 ரூபாய் வாடகைக்கு அஞ்ச வேண்டாம். ரிப்பேர் செய்த கூலி பாக்கி இருந்தால்தான் ஒப்பந்தச் சட்டத்தின் 170-ம் பிரிவு வண்டியைப் பிடித்து வைக்கும் உரிமையைத் தருகிறது. நீங்கள் முழுப் பணமும் கொடுத்துவிட்டீர்கள். இட வாடகை என்று முன்கூட்டி எந்த ஒப்பந்தமும் இல்லை. வண்டி அவர்கள் பொறுப்பில் இருக்கும்வரை அதைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும் கடமையை 151-ம் பிரிவு அவர்கள்மேலேயே வைக்கிறது.

சரி, இனி நீங்கள் பயந்து கேட்ட கேள்விக்கு வருகிறேன். இதில் ஆறுதலுக்காக எதையும் மழுப்பிச் சொல்ல மாட்டேன். அந்தக் கிட்டைப் போட்டுக்கொண்டு பொதுச் சாலையில் ஓட்டியது சட்டப்படி தவறு.

1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எரிபொருளை மாற்றும் கிட்டுக்கு அதே பிரிவு விலக்கு தருகிறது. சி.என்.ஜி. கிட் அந்த விலக்கில் வருகிறது, அதற்கும் அங்கீகரிக்கப்பட்ட கிட்தான் வேண்டும், ஆர்.சி.யிலும் பதிய வேண்டும். சூப்பர்சார்ஜர் போட்டாலும் உங்கள் வண்டி ஓடுவது பெட்ரோலில்தான், ஆகவே அந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது. ஒர்க்‌ஷாப்காரர் சொன்ன ஒப்புமை தவறு.

எதிர்த்து வாதாட இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்தப் பிரிவின் விளக்கக் குறிப்பு, வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாற்றம்தான் 'மாற்றம்' என்கிறது. சி.சி. மாறவில்லை, சிலிண்டர் எண்ணிக்கை மாறவில்லை, எஞ்சின் நம்பர் அதேதான், அப்புறம் எப்படி அடிப்படை மாறியது என்று கேட்கலாம். கேட்டுப் பார்க்கத் தகுந்த வாதம்தான். ஆனால் நான் அதை நம்பி ஒரு கட்சிக்காரரைக் கூண்டில் ஏற்ற மாட்டேன். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை மாற்றி, உற்பத்தியாளரின் மூல விவரக் குறிப்பிலிருந்து விலகக் கூடாது என்பதையே அழுத்திச் சொன்னது. எஞ்சினின் சக்தி என்பது அந்த விவரக் குறிப்பின் மையம். அதே வருடம் வந்த திருத்தத்தில் சேர்ந்த 182A பிரிவின் 4-ம் உட்பிரிவு, பிற்பாடு பாகங்களைப் பொருத்துவதையும் பெயர் சொல்லியே சேர்த்துக்கொண்டது. தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். புகைச் சான்றிதழ் வாங்கிவிட்டேன் என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சோதனை புகையை மட்டும் அளக்கிறது, மாற்றத்துக்கு அது அனுமதி ஆகாது.

பலருக்குத் தெரியாத இன்னொரு பக்கமும் இதில் உண்டு. இந்தச் சட்டத்தின் 2(8) பிரிவில் 'டீலர்' என்ற சொல்லின் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். வண்டி ரிப்பேர் தொழில் செய்பவரும் அதற்குள் வருகிறார். கட்டுமானம், பராமரிப்பு பற்றிய 7-ம் அத்தியாயத்துக்கு முரணாக வண்டியை மாற்றித் தரும் டீலருக்கு 182A(1) ஒரு வருடம் வரை சிறை, அல்லது வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. அதாவது "வழக்குப் போட்டால் உன் வண்டியையும் காட்டிக்கொடுப்பேன்" என்று அவர் மிரட்டினால், அவர் உங்களைவிடப் பெரிய பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறார். இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நீங்கள் அனுப்பும் வக்கீல் நோட்டீஸில் மட்டும், பணம் தராவிட்டால் போலீஸில் சொல்வேன் என்ற தொனி வரவே கூடாது. கிரிமினல் புகாரைக் காட்டிப் பணம் கேட்பது உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

உங்கள் வழக்குக்கு உரிய இடம் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் மனுக் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் காலக்கெடு. எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், மேலும் 15 நாள் மட்டுமே நீட்டிக்க முடியும். பொருத்திக் கொடுத்தவரின் தவறான வேலையால் ஏற்பட்ட சேதத்துக்குச் சேவை தந்தவரே பொறுப்பு என்பதற்கு 85-ம் பிரிவும் இருக்கிறது.

அவர்கள் பக்க வக்கீல் என்ன சொல்வார் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த ஒப்பந்தமே சட்டவிரோதம், ஒப்பந்தச் சட்டத்தின் 23-ம் பிரிவுப்படி செல்லாது, ஆகவே பரிகாரமும் கிடையாது என்பார். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் பதில் இப்படி இருக்க வேண்டும்: ரேஸ் மைதானத்தில் ஓட்டுவதற்காக ஒரு எஞ்சினில் சூப்பர்சார்ஜர் பொருத்துவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. தவறு பொதுச் சாலையில் ஓட்டியது. அதற்கும், ஆர்.டி.ஓ.-வில் பிரச்சினை வராது என்று நிபுணராகத் தன்னைக் காட்டிக்கொண்டவர் கொடுத்த வாக்கே காரணம். எப்படி ஓட்டியிருந்தாலும் தவறாக ட்யூன் செய்த எஞ்சின் உடையத்தான் செய்யும், உடைந்தது சேவைக் குறைபாட்டால். அவர் அந்த வாக்கை வாட்ஸாப் செய்தியிலோ ஆடியோவிலோ கொடுத்திருந்தால் உங்கள் கை ஓங்கும். அந்தச் செய்திகளையும் ஜிபே ரசீதுகளையும் துண்டுச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள், செல்பேசியை மாற்றாதீர்கள். மின்னணு ஆவணங்களோடு, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்‌ஷிய அதிநியமத்தின் 63-ம் பிரிவுச் சான்றிதழையும் இணைக்க வேண்டும், அதை உங்கள் வக்கீல் தயாரித்துக் கொடுப்பார்.

எவ்வளவு கிடைக்கும்? 2,90,000-மும் முழுசாகத் திரும்பும் என்று நம்பிக்கை தர எனக்கு மனமில்லை. கிட் நல்ல நிலையில் இருந்தால் அது உங்கள் கையிலேயே இருக்கும் பொருள், அதன் விலையை ஆணையம் கழிக்கலாம். பொருத்திய கூலி, எஞ்சினைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவு, வண்டியை இழுத்து வந்த செலவு, நிபுணர் கட்டணம், இவற்றில் உங்கள் கோரிக்கை வலுவானது. 85,000 அவர்கள் சொல்லும் தொகை. வேறு ஒர்க்‌ஷாப் இரண்டில் எஸ்டிமேட் வாங்கி வையுங்கள்.

நண்பர் சொன்ன இன்ஷூரன்ஸ் யோசனையைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். சாதாரண பாலிசியில் இயந்திரப் பழுது என்பதே விலக்கப்பட்டிருக்கிறது, அதனால்தான் அவர் விபத்தை ஜோடிக்கச் சொல்கிறார். அது மோசடிக் குற்றம். சர்வேயர் பிஸ்டனைப் பார்த்தவுடன் கதை கிழியும், அதே பொய் உங்கள் நுகர்வோர் வழக்கையும் விழுங்கிவிடும். இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. கிட் போட்ட பிறகு பாலிசி புதுப்பித்தீர்களா, அப்போது மாற்றம் எதுவும் இல்லை என்று சொன்னீர்களா? முக்கிய விவரத்தை மறைத்துப் பாலிசி எடுத்தது என்பது, மூன்றாம் நபர் இழப்பீட்டு வழக்கிலும் கம்பெனி எடுக்கக்கூடிய எதிர்வாதம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ம் பிரிவில் இருக்கிறது. அந்த 1,100 கிலோமீட்டரில் யார்மீதாவது மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. எடை குறைந்த அந்த வண்டியின் பிரேக்கும் டயரும் பழைய சக்திக்கு அமைந்தவை.

ஆகவே வேலைகளின் வரிசை முக்கியம். நிபுணர் பார்வையிட்டு அறிக்கை கையில் வரும்வரை கிட் எஞ்சினிலேயே இருக்கட்டும், வண்டி சாலைக்கு வர வேண்டாம். அறிக்கை வந்ததும் ஸ்பீட் போஸ்ட்டில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் மனு. அதன்பின் ஆணையத்துக்குத் தெரிவித்துவிட்டு, வேறு இடத்துக்கு வண்டியை இழுத்துப் போய், சூப்பர்சார்ஜரைக் கழற்றி, கம்பெனி நிலைக்கே எஞ்சினைக் கட்டி, முறையான பில் வாங்குங்கள். பழைய பாகங்களை சாக்கில் கட்டி சீல் வைத்து வீட்டில் வையுங்கள். ஆர்.சி. புதுப்பிக்க மோட்டார் வாகன ஆய்வாளர் முன் வண்டி நிற்கும் நாளில் அது 2006-ல் இருந்த வண்டியாக இருக்கட்டும். ஏழு மாதம் இதற்குப் போதும், ஆனால் இந்த வாரமே தொடங்கினால்தான்.

மனுவில் சூப்பர்சார்ஜர் போட்டதையும் சாலையில் ஓட்டியதையும் மறைக்காமல் எழுதுங்கள். அது சத்தியப் பிரமாண வாக்குமூலம். அதை வைத்து யாராவது புகார் கொடுத்தால் அபராதம் கட்ட நேரலாம் என்பதை அறிந்தே இறங்குங்கள். வண்டியைச் சரிசெய்து பில்லோடு நிற்பவரை நீதிமன்றம் பார்க்கும் விதம் வேறாக இருக்கும் என்பது என் அனுபவம்.

அந்த வேகம் உங்களுக்கு உண்மையாகவே பிடித்திருந்தால், கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் இன்னொரு மைதானம் இருக்கிறது. அங்கே ஓட்டத் தனியாக ஒரு வண்டியைத் தயார் செய்து ட்ரெய்லரில் ஏற்றிப் போகலாம். கழற்றிய கிட் அதற்குப் பயன்படும். இப்போதைக்கு, ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்ப வேண்டிய அந்த வாட்ஸாப் செய்தியை எழுதுங்கள்.