எண்ணெய் தீர்ந்த இரவு

அன்புள்ள ஐயா,
மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்ப்ரூவாஸ் பாரேயை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? சவரத்தோடு ரணவைத்தியம் பழகியவர், அன்றைய மருத்துவ நூல்களின் மொழியான லத்தீன் தெரியாதவர். எண்ணெய் தீர்ந்துபோனதால் புதிய சிகிச்சை கிடைத்தது. வெறும் அதிர்ஷ்டம்தானே? ரத்தக்குழாயைக் கட்டும் முறையும் அவருடையது இல்லையாமே?
கா.

அன்புள்ள கா.,

ரத்தக்குழாயைக் கட்டுவது பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் காலத்திலேயே தெரிந்ததுதான். கைகால்களைத் துண்டித்த இடத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைக்காமல் நூலால் கட்டலாம் என்று செய்துகாட்டியவர் பாரே. லத்தீன் தெரியாததை ஒரு குறையாக எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அதை விடுங்கள்.

அதிர்ஷ்டம் என்கிறீர்களே, அதை மட்டும் என்னால் விட முடியவில்லை. சில நாட்களாக நானும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

1537, இத்தாலியின் துரின் நகரம். பாரேவுக்கு அது முதல் போர்க்களம். துப்பாக்கிக் காயத்தில் வெடிமருந்தின் விஷம் ஏறும், கொதிக்கும் எண்ணெயை ஊற்றித்தான் அதை முறிக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது. மூத்தவர்கள் அப்படியே ஊற்றினார்கள், இவரும் ஊற்றினார். எண்ணெய் தீர்ந்தது. மிச்சமிருந்தவர்களுக்கு முட்டை மஞ்சள்கரு, ரோஜா எண்ணெய், மரப்பிசினிலிருந்து எடுக்கும் டர்பன்டைன் மூன்றையும் குழைத்துப் போட்டார். அதுவரை அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள், சரி.

அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. எண்ணெய் ஊற்றாதவர்கள் விஷமேறிச் செத்துக் கிடப்பார்களோ என்ற பயம். விடிவதற்கு முன்பே எழுந்து பார்க்கப் போனார். களிம்பு போட்டவர்களுக்கு வலி குறைவு, வீக்கம் இல்லை, ஓரளவு தூங்கியும் இருந்தார்கள். எண்ணெய் ஊற்றியவர்கள் காய்ச்சலிலும் வலியிலும் துடித்தார்கள். இனி யாருடைய காயத்தையும் இப்படி எண்ணெயால் சுடுவதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தார். எண்ணெய் யாருக்கும் தீரும் தம்பி. தூக்கம் கெட்டு எழுந்து போனது எந்த அதிர்ஷ்டத்தில் சேர்த்தி?

என் அப்பா சர்க்கரைப் புண்ணோடு படுத்திருந்த வார்டில் ஒரு நர்ஸம்மா இருந்தார். டியூட்டி முடிந்து, பையைத் தோளில் மாட்டியபிறகும் திரும்பி வந்து, அப்பாவின் காலருகே குனிந்து கட்டை முகர்ந்து பார்ப்பார். வாடை மாறியிருந்தால் அப்போதே கட்டைப் பிரிக்கச் சொல்வார். அப்பாவின் கால் தப்பியது அவரால்தான். அதை அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். உங்கள் கடிதத்தைப் படித்தபோதும் வந்தது.

பாரே எல்லாவற்றிலும் தெளிவானவர் இல்லை. நாய்க்குட்டிகளை எண்ணெயில் வேகவைத்துச் செய்த மருந்தின் ரகசியத்துக்காக ஒரு வைத்தியர் பின்னால் இரண்டு வருடம் அலைந்தவர்தான். ஆனால் 1545இல் துப்பாக்கிக் காயங்களைப் பற்றிப் புத்தகம் போட்டபோது பிரெஞ்சில் எழுதினார், லத்தீன் படிக்காத ரணவைத்தியர்களும் படிக்கட்டும் என்று. பிற்பாடு நான்கு அரசர்களுக்கு மருத்துவரானார். 1575இல் அவருடைய மொத்த நூல்களும் வந்தபோது பாரிஸ் மருத்துவப் பேராசிரியர்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். நீங்கள் சொல்லும் அதே லத்தீனை அவர்களும் சொன்னார்கள். அவர்கள் பக்கம் போய் நிற்காதீர்கள்.

அவர் செய்வித்த செயற்கைக் கைகளைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். தேர்வை நன்றாக எழுதுங்கள்.

அன்புடன்.