மால்டா ட்ரிப்: காசு கட்டறதுக்கு முன்னாடி (வாசகர் கேள்வி-பதில்)

போன தடவை மால்டா பத்தி ஒரே ஒரு கேள்விக்குதான் பதில் எழுதினேன், அதுல இருந்து வர்ற கடிதத்துல பாதி அந்தத் தீவைப் பத்தியே இருக்கு. இந்த வாரம் முழுக்க அதுவே. கடிதங்களை சுருக்கியிருக்கேன்.

கேள்வி (லண்டன்): பிரிட்டிஷ் பாஸ்போர்ட். 2016 மார்ச்ல எடுத்தது, 2026 டிசம்பர் வரைக்கும் இருக்கு. 2026 மே மாசம் போலாம்ல?

போக முடியாது. ஷெங்கனுக்குள்ள (ஒரே விசாவுல போய் வர்ற ஐரோப்பிய நாடுகளோட கூட்டம், மால்டாவும் அதுல ஒண்ணு) நுழையற அன்னைக்கு பாஸ்போர்ட் எடுத்து பத்து வருஷம் தாண்டியிருக்கக் கூடாது. முடியற தேதிய மட்டும் பாக்காதீங்க, எடுத்த தேதிய பாருங்க. முதல்ல புதுசு எடுங்க, அப்புறம் டிக்கெட்.

கேள்வி (பர்மிங்ஹாம்): மால்டா ஏர்போர்ட்லயே ஒரு வாரத்துக்கு 70 பவுண்டுக்கு கார் கிடைக்குது. புக் பண்ணிடவா?

இந்த விஷயத்துல எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். நானும் இதே மாதிரி கம்மி விலையப் பாத்துதான் புக் பண்ணேன். ராத்திரி பதினொரு மணிக்கு போய் இறங்கினா கவுன்டர்ல கிரெடிட் கார்டு கேக்கறாங்க, என்கிட்ட டெபிட் கார்டுதான், அப்போ டெபாசிட்டா 1,500 யூரோ பிளாக் பண்ண முடியாது சார், எங்க இன்சூரன்ஸ வாங்கினாதான் சாவி தருவோம்னுட்டாங்க. நாளைக்கு 25 யூரோ, ஆறு நாளைக்கு 150. அதோட விடல, முதல் டேங்க் பெட்ரோல் அவங்ககிட்டயே காசு குடுத்து வாங்கணும், திருப்பித் தரும்போது காலியா தரலாம், மிச்சம் இருந்தா பணம் வராது. மால்டா தீவோட மொத்த நீளமே 27 கிலோமீட்டர்தான், அதுல ஒரு முழு டேங்க யாரு ஓட்டித் தீக்க முடியும்? நான் பாதி டேங்க அவங்களுக்கே விட்டுட்டு வந்தேன். கார்டு மெஷின்ல பவுண்டா யூரோவான்னு கேட்டுச்சு, நம்ம காசாச்சேன்னு பவுண்ட அமுக்கினேன், அதுலயும் அவங்க வச்ச ரேட்டுல நஷ்டம். நான் 80 பவுண்டுக்குன்னு புக் பண்ண கார் 300 பவுண்ட தாண்டிடுச்சு.

இதுல எனக்கு கோவம் என்னன்னா, அந்த கண்டிஷன் எல்லாமே புக்கிங் பேஜ்ல எங்கயோ கீழ பொடி எழுத்துல இருக்கும், அதனால ஏமாத்திட்டாங்கன்னு சட்டப்படி சொல்லவும் முடியாது. குழந்தைங்களோட அந்த நேரத்துல நிக்கிறவன் வேற எங்கயும் போக மாட்டான்னு தெரிஞ்சேதான் கவுன்டர்ல விலைய ஏத்தறாங்க. அதனால புக் பண்றதுக்கு முன்னாடி பெட்ரோல் ஃபுல்லா வாங்கி ஃபுல்லா திருப்பித் தர்ற மாதிரி இருக்கான்னு பாருங்க, ஓட்டறவர் பேர்லயே கிரெடிட் கார்டு வேணும், எக்ஸஸ் இன்சூரன்ஸ் (வண்டி சேதமானா நம்ம தலைல விழற தொகைக்கு) ஊர்லயே தனியா வாங்கிட்டுப் போங்க, அதுல டயர், கண்ணாடி, வண்டியோட அடிப்பகுதி எல்லாம் சேருதான்னு படிங்க. வண்டிய எடுக்கும்போது சுத்தி வந்து ஒரு வீடியோ. மெஷின் கேட்டா எப்பவும் யூரோ.

அதுக்கும் முன்னாடி, கார் வேணுமான்னு யோசிங்க. இடது பக்கம் ஓட்டறது பிரிட்டன் மாதிரியேதான், அது பிரச்சினை இல்ல. ஆனா தலைநகர் வலெட்டாவுலயும் எதிர்க்கரை ஸ்லீமாவுலயும் பார்க்கிங்குக்கே அரை நாள் போயிடும். ஸ்லீமாவுல இருந்து வலெட்டாவுக்கு படகு இருக்கு, பஸ்ஸுக்கு ஏழு நாள் கார்டு இருக்கு. பக்கத்துத் தீவு கோசோவுல ஒரு நாள் ரெண்டு நாள் சுத்தறதுக்கு மட்டும் கார் எடுத்தா போதும்.

கேள்வி (டொரன்டோ): கோசோ டூர் விளம்பரத்தில கடலுக்குள்ள பெரிய கல் வளைவு ஒண்டு. பிள்ளையள் அதைப் பாக்கத்தான் ஆசைப்படினம். டிக்கெட் எடுக்கலாமோ?

அந்த வளைவு இப்ப இல்லைங்க. 2017 மார்ச் 8ஆம் தேதி புயல்ல இடிஞ்சு கடலுக்குள்ள போயிடுச்சு. இல்லாத ஒண்ணோட படத்த போட்டு இன்னும் டூர் விக்கிறவங்ககிட்ட ஒரு சென்ட் குடுக்காதீங்க. நீங்களே போலாம், சிர்க்கேவ்வா துறையில இருந்து ஃபெரியில 25 நிமிஷம், போகும்போது டிக்கெட்டே கிடையாது, கோசோவுல இருந்து திரும்பும்போதுதான் ஆளுக்கு 4 யூரோ 65 சென்ட். வளைவு இருந்த துவேய்ராவுல பாறைக்கு நடுவுல கடல் தண்ணி குளம் மாதிரி நிக்குது, அங்க சின்னப் படகுல குகை வழியா வெளிக்கடலுக்கு கூட்டிட்டுப் போவாங்க, பிள்ளைங்களுக்கு கண்டிப்பா புடிக்கும்.

கேள்வி (லண்டன்): புஜிப்பாவில நடந்து போகேக்க ஒரு பெடியன் சுரண்டுற சீட்டு தந்தவன். பரிசு விழுந்திருக்குது எண்டு ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போய் மூண்டு மணித்தியாலம் கதைச்சவை. பத்து வருச ஹொலிடே கிளப் எண்டு கையெழுத்து வைச்சு 2,000 பவுண்ட் கிரெடிட் கார்டில கட்டிட்டம். ஆறு நாளாச்சு. மனுசி அழுதுகொண்டே இருக்கிறா.

அண்ணா, முதல்ல அக்காவ அழ வேண்டாம்னு சொல்லுங்க. உங்க ரெண்டு பேர் மேலயும் தப்பே இல்ல. மூணு மணி நேரம் உக்கார வச்சு பேசினா யாரா இருந்தாலும் எந்திரிச்சு வரதுக்காகவே கையெழுத்து போட்டுடுவாங்க, அந்த வியாபாரமே அதை நம்பிதான் நடக்குது. பணம் திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. ஐரோப்பிய யூனியன் சட்டப்படி டைம்ஷேர் (வருஷா வருஷம் சில நாள் தங்கற உரிமைய முன்கூட்டியே விக்கிறது), ஒரு வருஷத்துக்கு மேல போற ஹாலிடே கிளப், ரெண்டுக்குமே 14 நாளுக்குள்ள காரணம் சொல்லாம ரத்து பண்ணலாம். அந்த 14 நாளுக்குள்ள உங்ககிட்ட பணம் வாங்கினதே சட்ட விரோதம். ரத்து பண்றதுக்கான படிவம் அவங்க தரலன்னா அந்தக் கெடு ஒரு வருஷம் 14 நாளா நீளும். ஆனா அதுக்காக காத்திருக்காதீங்க, இன்னைக்கே ரத்து பண்றோம்னு எழுதி ஈமெயில்லயும் அனுப்புங்க, ரெஜிஸ்டர்ட் தபால்லயும் அனுப்புங்க, ரசீத பத்திரமா வைங்க. ஃபோன்ல பேச வேண்டாம், பேசினா திரும்ப மனச மாத்தப் பாப்பாங்க. கிரெடிட் கார்டு கம்பெனிக்கு பிரிட்டனோட 1974 கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டம் செக்‌ஷன் 75ன்னு குறிப்பிட்டு எழுதுங்க, வித்தவங்க ஒப்பந்தத்த மீறினாலோ பொய் சொல்லி வித்தாலோ கார்டு கம்பெனியும் பொறுப்புன்னு சொல்ற சட்டம் அது, வெளிநாட்டுல நடந்த வியாபாரத்துக்கும் செல்லும். மால்டாவோட நுகர்வோர் ஆணையத்துக்கும் ஒரு புகார். என்ன ஆச்சுன்னு எனக்கு கட்டாயம் எழுதுங்க.

கேள்வி (சென்னை): ஆஃபர் முடியப் போகுதுன்னு ஃப்ளைட்டும் ஹோட்டலும் நான்-ரீஃபண்டபிள்ல போட்டுட்டேன். பயணம் இன்னும் 18 நாள்ல. விசா இப்பதான் அப்ளை பண்ணப் போறேன், ஹோட்டல் காசு திரும்ப வருமா?

வராது. நான்-ரீஃபண்டபிள்னு எழுதியிருந்தத படிச்சுட்டுதானே கட்டினீங்க? மாசா மாசம் இதே கடிதம் வருது. ஷெங்கன் விசாவுக்கு பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், முடிவுக்கு சாதாரணமா 15 நாள், இழுத்தா 45 நாள், கட்டற 90 யூரோ விசா கிடைக்கலன்னாலும் திரும்ப வராது. இதெல்லாம் ரெண்டு நிமிஷத்துல தேடிப் பாத்திருக்கலாம். இப்ப செய்ய முடிஞ்சது ஒண்ணுதான், ஹோட்டலுக்கு நேரா எழுதி தேதிய மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க, சிலர் ஒத்துக்குவாங்க.

கேள்வி (பாரிஸ்): செயின்ட் ஜூலியன்ஸ்ல கடல் தெரியற ரூம், பாதி விலை. நம்பலாமா?

போன மூணு மாசத்து ரிவ்யூவ மட்டும் படிங்க, அதுல சத்தம், கட்டட வேலைன்னு ஏதாவது இருக்கான்னு தேடுங்க. அங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் கிரேன் நிக்குது. நான் எடுத்த ரூம்ல பால்கனி ஓரமா சாஞ்சு நின்னாதான் ஒரு துண்டு கடல் தெரிஞ்சது, காலைல ஏழு மணிக்கு பக்கத்து மனையில டிரில்லிங் ஆரம்பிச்சுடும், நாலு நாளும் அப்படித்தான். தூக்கம் முக்கியம்னா மெல்லீஹா பக்கம் பாருங்க, பெரிய மணல் பீச்சும் அங்க இருக்கு.

கேள்வி (பாரிஸ்): கொமினோ தீவுல இருக்கற ப்ளூ லகூன் கடற்பகுதிக்குப் போக முன்பதிவுன்னு ஒருத்தர் ஆளுக்கு 10 யூரோ கேக்கறார்.

குடுக்காதீங்க. 2025ல முன்பதிவு கொண்டு வந்தப்பவே அது இலவசம்னுதான் கொண்டு வந்தாங்க, அரசாங்கத்தோட சைட்ல நீங்களே பண்ணிக்கலாம். படகுக்கு மட்டும்தான் காசு.