கல்பாக்கம் ஈனுலையில் வெப்பத்தை எடுத்துச்செல்ல தண்ணீருக்குப் பதில் ஏன் சோடியம்?

ஈனுலை என்றால், எரிபொருளை எரித்துக்கொண்டே புது எரிபொருளையும் உண்டாக்கும் அணு உலை. எனக்கு இதைப் புரியவைத்தவர் ராயபுரத்தில் எங்கள் எதிர்வீட்டு சார். கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அணு இயற்பியலாளர். போன மாதம் காலமானார். அதனால் பதிலில் அவரும் கொஞ்சம் வருவார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெருமுனை கேரம் பலகையில்தான் பாடம். ஸ்ட்ரைக்கரை ஒதுக்கிவிட்டு, ஒரு வெள்ளைக் காயைச் சுண்டிக் கறுப்புக் காய்மேல் நேராக மோதவிட்டார். வெள்ளை அங்கேயே நின்றுவிட்டது, கறுப்பு ஓடியது. "இதான்டா தண்ணி. அதுல இருக்கிற ஹைட்ரஜனும் நியூட்ரானும் கிட்டத்தட்ட ஒரே எடை. மோதினா வேகம் போயிடும்." அடுத்து அதே காயைச் சட்டத்தில் அடித்தார். விர்ரென்று திரும்பி வந்தது. "இது சோடியம். சுமார் 23 மடங்கு கனம்."

வேக ஈனுலையில் நியூட்ரானின் வேகம் குறையக் கூடாது. வேகமான நியூட்ரான் எரிபொருளான புளூட்டோனியத்தைப் பிளந்தால் உபரி நியூட்ரான்கள் அதிகம் கிடைக்கும். அவைதான் யுரேனியம்-238ஐப் புதுப் புளூட்டோனியமாக மாற்றுகின்றன. சோடியம் சுமார் 98 டிகிரி செல்சியஸில் உருகும், 880 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். ஆகவே பெரிய அழுத்தம் இல்லாமலே வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகும். தொல்லையும் உண்டு: தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும், காற்றிலும் எரியும். அதனால் சோடியத்துக்கு மேலே, எதனோடும் எளிதில் வினைபுரியாத ஆர்கான் வாயுவை நிரப்பி வைப்பார்கள்.

கல்பாக்கத்தில் உள்ள சோதனை ஈனுலையில் தொடர்வினை (ஒரு அணுப்பிளவு அடுத்ததைத் தூண்டிக்கொண்டே போவது) முதன்முதலாக நிலைத்தது 1985 அக்டோபர் 18. அந்த நாளைப் பற்றி எத்தனை தடவை கேட்டாலும், கட்டிக்கொண்டு போன தயிர்சாதம் புளித்துவிட்டது என்பதோடு நிறுத்திக்கொள்வார்.