ஸ்பானிஷில் 'இர்' என்ற வினையை எல்லாக் காலங்களிலும் நினைவில் வைக்க, அட்டவணையை உருப்போடுவதைத் தவிர வேறு வழி உண்டா?

கேட்டவர் ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறதாம். 'போ' என்று பொருள்படும் 'இர்' நிகழ்காலத்தில் ஒரு முகம், இறந்தகாலத்தில் இன்னொரு முகம் காட்டுகிறது, இரண்டுக்கும் ஓர் எழுத்துகூடப் பொதுவாக இல்லை என்று புலம்பியிருக்கிறார்.

நானும் உருப்போட்டவன்தான். என் பயிற்சிப் புத்தகத்தில் 14 காலங்கள், ஒவ்வொன்றிலும் 6 வடிவங்கள், ஆக மொத்தம் 84 கட்டங்கள். வேலைக்காக வலென்சியா போன புதிதில் 84-ஐயும் கடகடவென்று ஒப்பிப்பேன். அங்கே வயதான ஒரு அம்மாவின் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். ஒரு நாள் அழைப்பு மணி அடித்தது. 'இதோ வரேன்' என்று சொல்வதாக நினைத்து, "வெங்கோ, வெங்கோ!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். வெங்கோ என்றால் 'வருகிறேன்'. இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. சமையலறையில் அந்த அம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "எங்கிருந்து வருகிறாய் மகனே? நீ இங்கே இருக்கிறாய், கதவு அங்கே இருக்கிறது. போகிறாய்! 'யா வோய்' என்று சொல்."

ஸ்பானிஷில் பேசுகிறவர் நிற்கும் இடத்தை நோக்கி நகர்ந்தால்தான் 'வருவது'. அங்கிருந்து விலகினால், கூப்பிட்டவரிடமே போனாலும், அது 'போவது'. நாம் கூப்பிட்டவர் பக்கம் நின்று 'வரேன்' என்கிறோம். 84 கட்டங்களில் எதிலும் இது எழுதியிருக்கவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் 'கோ, வென்ட், கான்' என்று ராகம் போட்டுப் படித்தோமே, அந்த 'வென்ட்' உண்மையில் 'வெண்ட்' என்ற வேறொரு வினையின் இறந்தகாலம். 'கோ' அதைத் தத்தெடுத்துக்கொண்டது. 'இர்' கதை அதைவிட மோசம். அதற்குள் மூன்று லத்தீன் வினைகள் கூட்டுக்குடித்தனம் செய்கின்றன: போவதைக் குறிக்கும் 'இரே', நடந்து செல்வதைக் குறிக்கும் 'வாதெரே', 'இரு' என்று பொருள்படும் 'எஸ்ஸே'. ஆகவே 84 கட்டங்களை மறந்துவிட்டு, எந்த அறையில் எந்த ஆள் குடியிருக்கிறார் என்று மட்டும் பாருங்கள். விகுதிகள் பெரும்பாலும் மற்ற வினைகளில் வருபவையேதான்.

நிகழ்காலம் 'வாதெரே'யின் அறை. வோய், வாஸ், வா, வாமோஸ், வாய்ஸ், வான். நம் ஆட்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்பானிஷில் 'வி' என்ற எழுத்துக்கும் 'பி' என்ற எழுத்துக்கும் ஒரே ஒலிதான். வாக்கியத்தின் தொடக்கத்தில் அது பஸ்ஸில் வரும் 'ப' போல ஒலிக்கும். அதனால் 'வோய்' என்பது காதில் கிட்டத்தட்ட 'போய்' என்றே விழும். பொருளும் போவது! இந்த ஒன்று ஒட்டிக்கொண்டால் போதும். அடுத்தது எதிரி: தமிழில் எழுதினால் 'வா', ஆனால் பொருள் 'அவன் போகிறான்', 'அவள் போகிறாள்'. முதல் மாதம் முழுக்க இது என்னைப் படுத்தி எடுத்தது. இன்னொரு வசதி, விகுதியே ஆளைச் சொல்லிவிடுவதால் 'நான்' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 'போகிறேன்' என்றால் நமக்கு யார் என்று தெரியாதா? அதேதான் இங்கும். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'யோ, யோ' என்று போட்டுக்கொண்டிருப்பார்கள். நீங்கள் விட்டுவிடுங்கள்.

இறந்தகாலம்தான் உங்களை அழவைத்திருக்கும். ஃபுய், ஃபுயிஸ்தே, ஃபுயே, ஃபுயிமோஸ், ஃபுயிஸ்தேய்ஸ், ஃபுயேரோன். இது 'எஸ்ஸே'யின் அறை, 'இரு' என்ற வினையின் சொத்து. 'ஸேர்' என்ற ஸ்பானிஷ் வினைக்கும் இதே ஆறு வடிவங்கள்தான், ஒரு புள்ளிகூட மாறாது. அப்படியானால் 'ஃபுய்' என்று ஒருவர் சொன்னால் போனாரா, இருந்தாரா? பின்னால் வரும் சொல்லைப் பாருங்கள். 'ஃபுய் ஆ தொலேதோ' என்றால் தொலேதோவுக்குப் போனேன். அந்தக் குட்டி 'ஆ'தான் நம் 'கு'. 'ஃபுய் மாயெஸ்த்ரோ' என்றால் ஆசிரியராக இருந்தேன். ஒரு தடவைகூடக் குழம்பியதாக எனக்கு நினைவில்லை, பரீட்சைத் தாளில் தவிர. போவதும் இருப்பதும் ஒன்றாகக் கலப்பது நமக்கும் அந்நியமில்லை. 'நேத்து மதுரைக்குப் போயிருந்தேன்' என்கிறோமே, அதற்குள் ஒரு 'இரு' உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு இறந்தகாலம் உண்டு, வழக்கமாக நடந்ததைச் சொல்ல: இபா, இபாஸ், இபா, இபாமோஸ், இபாய்ஸ், இபான். பழைய 'இரே' இங்கே எட்டிப் பார்க்கிறது. ஸ்பானிஷ் முழுக்கவே இந்தக் காலத்தில் ஒழுங்கு தவறும் வினைகள் மூன்றுதான்: இர், ஸேர், வேர். எப்போது ஃபுய், எப்போது இபா என்று ஆங்கில விளக்கங்களைப் படித்துத் தலை சுற்ற வேண்டாம். 'நேற்று ஆற்றுக்குப் போனேன்' என்றால் ஃபுய். 'சின்ன வயசில் தினமும் ஆற்றுக்குப் போவேன்' என்றால் இபா. எதிர்கால வடிவத்தை வைத்துப் பழைய வழக்கத்தைச் சொல்வது நம் பழக்கம். அந்த 'போவேன்' வாயில் வருகிற இடமெல்லாம் பெரும்பாலும் இபாதான்.

எதிர்காலத்தில் அழ ஒன்றுமில்லை. முழு 'இர்' அப்படியே நிற்கும், பின்னால் விகுதி ஒட்டும்: இரே, இராஸ், இரா, இரேமோஸ், இரேய்ஸ், இரான். (ஈரான் நாட்டுக்கும் இதே எழுத்து, இதே உச்சரிப்பு. செய்தித்தாளில் தலைப்பு பார்த்து ஒருமுறை திகைத்திருக்கிறேன்.) 'போவேனாக்கும்' என்கிற மாதிரி நிபந்தனை வடிவத்துக்கு இரியா, இரியாஸ் என்று போகும். ஆனால் வீட்டில், கடையில் எதிர்காலத்துக்கு இதைவிட 'வோய் ஆ' தான் அதிகம் கேட்கும். 'வோய் ஆ கொமேர்' என்றால் 'சாப்பிடப் போகிறேன்'. சொல்லுக்குச் சொல் நம் வாக்கியம்.

விருப்பம், சந்தேகம் சொல்லும் சப்ஜங்டிவ் வடிவம் பலரைப் பயமுறுத்தும். நிகழ்காலத்தில் வாயா, வாயாஸ், வாயா, வாயாமோஸ், வாயாய்ஸ், வாயான். மற்ற வினைகளில் 'நான்' வடிவத்திலிருந்து இதை உருவாக்கிவிடலாம். அந்த வழி பலிக்காதவை ஆறே வினைகள், அதில் நம்மாள் ஒருவர். ஜூலை மாதத்தில் வலென்சியாவில் தெருவில் இறங்கினால் இதைச் சும்மாவே கேட்கலாம்: "வாயா கலோர்!" 'அடேயப்பா, என்ன வெக்கை!' இறந்தகால சப்ஜங்டிவுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது, விதிவிலக்கே கிடையாது. இறந்தகாலத்தின் 'அவர்கள்' வடிவத்தில் கடைசி 'ரோன்' எடுத்துவிட்டு 'ரா' போடுங்கள். ஃபுயேரோன், ஃபுயேரா. எந்த வினைக்கும் இது செல்லும். இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

மிச்சமுள்ள ஏழு கூட்டுக் காலங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு சொல்தான், அது 'இதோ'. ஆமாம், நம் 'இதோ'வேதான், உச்சரிப்பும் கிட்டத்தட்ட அதேதான். ஏ இதோ என்றால் போயிருக்கிறேன், அபியா இதோ என்றால் போயிருந்தேன், அப்ரே இதோ என்றால் போயிருப்பேன். முன்னால் வரும் துணைவினை மட்டும் மாறும்.

ஏவலில் ஒருவரைப் 'போ' என்றால் வே, மரியாதையாக வாயா. ஸ்பெயினில் நண்பர்கள் பலரைப் பார்த்துக் 'கிளம்புங்கள்' என்பதற்குப் புத்தகம் 'இதோஸ்' என்று சொல்லும், தெருவோ 'இரோஸ்' என்றுதான் சொல்லும். பல காலமாகத் தப்பு என்று திருத்திக்கொண்டிருந்தவர்கள், 2017-ல் ஸ்பானிஷ் ராயல் அகாதெமியே இரோஸையும் ஏற்றுக்கொண்டதும் வாயை மூடினார்கள். மெக்சிகோ, கொலம்பியா பக்கம் போகப் போகிறீர்கள் என்றால் இந்தச் சண்டையே உங்களுக்கு வேண்டாம். அங்கே அந்த 'நீங்கள்' வடிவம் புழக்கத்தில் இல்லை, ஆகவே ஒவ்வொரு காலத்திலும் ஐந்தாவது கட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடலாம்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் எனக்கு ஒரு சொல் மட்டும் வாயில் வரவில்லை. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஸ்பானிஷ்காரர்கள் 'மே வோய்' என்பார்கள், அதாவது 'போறேன்'. வாசலில் நின்று 'போறேன்' என்றால் எங்கள் பாட்டி உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துத்தான் மறுபடி அனுப்புவார். அதனால் 'போயிட்டு வரேன்' என்பதற்கு நிகராக ஏதாவது கிடைக்குமா என்று தேடி, 'ஆவோரா வெங்கோ' என்ற தொடரைப் பிடித்தேன். நாலு நாள் காலையில் அலுவலகம் கிளம்பும்போது அதைச் சொல்லிவிட்டுப் போனேன். நாலாம் நாள் மாலை அந்த அம்மா கோபமாக உட்கார்ந்திருந்தார். அதற்குப் பொருள் 'இதோ அஞ்சு நிமிஷத்தில் வந்துடறேன்' என்பதாம். நாலு நாளும் எனக்காகக் காபியை அடுப்பில் வைத்துவிட்டு, ஆறியதும் கீழே கொட்டியிருக்கிறார்.

மறுநாளிலிருந்து 'மே வோய்' என்று உரக்கச் சொல்லிவிட்டு, படியிறங்கும்போது மெதுவாக 'வரேன்' என்று தமிழில் சொல்லிக்கொள்வேன்.